கண்டுபிடிப்பவர் யார்?

"புதிய எழுத்தாளர் ஒருவரைக் கண்டுபிடித்துள்ளோம்" என்னும் வாசகம் இன்று இலக்கிய உலகில் மலிந்து கிடக்கிறது. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்று பள்ளிக்கூடங்களில் கற்பிக்கப்பட்ட காலத்தில், அவன் கால் வைப்பதற்கு முன்பே அங்கு மனிதர் வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பது எவ்வளவு எளிதாக மறைக்கப்பட்டதோ, அவ்வளவு எளிதாகவே இவ்வாசகமும் ஓர் உண்மையை மறைத்து விடுகிறது. எழுதுபவன் எழுதிக்கொண்டேயிருக்கிறான். அவனை அறியாதிருந்தவர் எவர், ஏன் அறியாதிருந்தனர், இப்பொழுது அறிய நேர்ந்தது எவ்வழியால் என்பவையே விமர்சகன் கேட்க வேண்டிய வினாக்கள். தனிமனிதர் பலர் தாமே எழுதித் தாமே வாசகருக்கு மின்னஞ்சல் வழியாக அனுப்பிவைக்கும் மடல் இதழ்கள் பெருகிவரும் இந்நாளில், இவ்வினாக்கள் முன்னெப்போதையும்விட அவசரமாகி நிற்கின்றன.

ஹந்தானை மலையை எடுத்துக்கொள்வோம். அதன் அடிவாரத்தில் 1952ஆம் ஆண்டு முதல் பேராதனைச் சர்வகலாசாலை இருந்துவருகின்றது. சிங்கள இளைஞர் உள்ளத்தில் ஹந்தானை என்றால் மாணவப் பருவத்துக் காதலும் பனிமூட்டமும். 1969இல் வெளிவந்த திரைப்படமொன்று 'ஹந்தானே கதாவ' என்றே பெயர் சூடிக்கொண்டது. அதே மலையிலே தேயிலைத் தோட்டமும் உண்டு, லயங்களும் உண்டு. 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்று அரும்பொருட்சாலை. 2001ஆம் ஆண்டு முதல் அங்கே பழைய இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் ஞாபகப் பொருள்களையும் மக்கள் காசு கொடுத்துப் பார்த்துச் செல்கின்றனர். கொழுந்து பறித்தவள் பாடியதைத் தேடி அப்படியேறுவோர் சிலரே. விரிவுரை மண்டபத்துக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல்களே. ஆயினும் ஒரு மலையின் இரு சரிவுகளிலும் எழுதப்படுபவை ஒன்றையொன்று அறியாதிருக்கக் கூடும் என்பதற்கு இம்மலையே சாட்சி.

புதிய மடல் இதழ்களைப் போற்றுவோர் கூறும் நியாயங்கள் அற்பமானவையல்ல. அச்சுக்கூடத்துக்குப் பணம் வேண்டியதில்லை. கடதாசி வேண்டியதில்லை. கடதாசி என்பது இந்நாட்டில் சிறிய விஷயமன்று: 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணி இன்மையால் தாள் இறக்குமதி தடைப்பட்டு, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன, தினசரிகள் சில பக்கங்களைக் குறைத்தன. அத்தகைய நாட்டிலே, விளம்பரதாரரையும் பத்திரிகை முதலாளியையும் விநியோகஸ்தரையும் ஒருங்கே ஒதுக்கிவிட்டு, எழுதுபவன் நேரே வாசகனிடம் வரலாம் என்பது உண்மையாகவே ஒரு விடுதலைதான். அதனை மறுப்பவன் முற்போக்காளன் ஆகான்.

ஆயின் அனுப்புவதற்கு ஒரு முகவரிப் பட்டியல் வேண்டுமே! அது எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் ஐ. எவ். ஸ்டோன் என்னும் பத்திரிகையாளர் 1953 ஜனவரியில் நான்கு பக்க வார மடலொன்றைத் தொடங்கினார். மக்கார்த்தியின் வேட்டை உச்சத்திலிருந்த காலம் அது. இடதுசாரி என்று பெயர் பெற்ற ஸ்டோனுக்கு எப்பத்திரிகையும் வேலை கொடுக்க முன்வரவில்லை. சந்தா ஆண்டுக்கு ஐந்து டொலர். தொடக்கத்தில் 5,300 சந்தாதாரர். 1971இன் இறுதியில் மடல் நின்றபோது ஏறத்தாழ 70,000. தனிமனித முயற்சியின் வெற்றிக்கு உதாரணமாக இக்கதையை இன்றும் பலர் சொல்லுகின்றனர். அவர்கள் சொல்லாது விடுவது ஒன்றுண்டு. அந்த முதல் ஐயாயிரத்துச் சொச்சம் பேரும் வானத்திலிருந்து விழுந்தவரல்லர். ஸ்டோன் முன்னர் எழுதிய, பின்னர் மூடப்பட்ட முற்போக்குப் பத்திரிகைகளின் சந்தாப் பட்டியல்களிலிருந்தே அவர்களில் பலரை அவர் திரட்டினார். ஓர் இயக்கம் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த வாசகர் கூட்டம், பத்திரிகைகள் மாண்ட பின்னரும் மாளாமல் இருந்தது. தனியாள் எழுதிய மடலுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றது.

இன்றைய ஏற்பாட்டிலோ மேடை கம்பெனியின் கையில் இருக்கிறது. 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய சப்ஸ்டாக் நிறுவனம், இத்தகைய மடல்களுக்கு மேடை அமைத்துக் கொடுத்து, சந்தாப் பணத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் எடுத்துக்கொள்கிறது. ஓர் எழுத்தாளர் மற்றோர் எழுத்தாளரைத் தம் வாசகருக்குச் சிபாரிசு செய்யும் வசதியை 2022இல் அது புகுத்தியது. பார்வைக்கு இது தோழமைபோல் தோன்றும். நடைமுறையில், ஏற்கெனவே வாசகரை உடையவர் தம்மை ஒத்தவரையே சிபாரிசு செய்ய, அறிமுகம் வட்டத்துக்குள்ளேயே சுழலுகிறது. நமது நாட்டு நிலையோ இன்னும் வேடிக்கையானது. அம்மேடையில் சந்தாப் பணம் வந்து சேரும் வழியாகிய ஸ்ட்ரைப் நிறுவனத்தின் நாடுகளின் வரிசையில் 2024ஆம் ஆண்டு வரை இலங்கை இடம்பெறவில்லை. ஹந்தானையிலிருந்து ஒருவர் இலவசமாக எழுதலாம். எழுத்துக்குக் கூலி கேட்கத்தான் முடியாது. வாசகன் பக்கமிருந்து நோக்கினும் கணக்கு இதுவே. மாதம் ஐந்து டொலர் என்னும் வழக்கமான சந்தா, டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 ரூபா என்ற 2024ஆம் ஆண்டு மதிப்பில் 1,500 ரூபா. தோட்டத் தொழிலாளருக்கு நீண்ட போராட்டத்தின் பின்னர் 2021இல் விதிக்கப்பட்ட நாட்கூலி 1,000 ரூபா. அக்கூலிப்படி ஒரு மடலுக்காக ஒன்றரை நாள் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது.

சுதந்திரமான எழுத்து என்று நாம் பேசுவது யாருடைய சுதந்திரத்தை என்பது இப்பொழுது சற்றுத் தெளிவாகியிருக்கும்.

இனி நமது சொந்த வரலாற்றுக்கு வருவோம். கண்டிக்கும் சுதந்திரப் பத்திரிகைக்கும் உள்ள உறவு பழையது. கண்டியில் வழக்கறிஞராயிருந்த சித்திலெப்பை 1882இல் இந்நகரிலிருந்தே 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அறபி பாஷா 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்தபோது, அவரைப் பற்றிய செய்திகள் அதன் பக்கங்களில் இடம்பெற்றன. மலைநாட்டுப் பட்டினமொன்றிலிருந்து வந்த தமிழ்ப் பத்திரிகை உலக அரசியலைத் தன் வாசகரின் வாசலுக்குக் கொண்டுவந்ததற்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை. 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டவரும் அவரே. பத்திரிகையாசிரியரும் நாவலாசிரியரும் ஒருவராகவே இருந்தமை தற்செயலன்று. பத்திரிகை ஆக்கிய வாசகர் கூட்டத்தை நம்பியே நாவல் பிறந்தது.

தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தமட்டில் கோ. நடேசய்யரின் பணி தனித்து ஆராயத்தக்கது. தஞ்சையிலிருந்து வந்த அவர், 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளைக் கொழும்பிலிருந்து நடத்தினார். 1931இல் அட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அக்காலத்தில் தோட்டம் என்பது துரையின் தனி இராச்சியம். வெளியாள் எவனும் அனுமதியின்றி நுழைய இயலாது. அவர் புடவை வியாபாரிபோல் வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்றார் என்பது இன்றும் மலைநாட்டில் பேசப்படும் செய்தி. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். அவை சிறு பிரசுரங்களாக அச்சிட்டும் பரப்பப்பட்டன. எழுத வாசிக்கத் தெரியாதவர் நிறைந்த லயங்களில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். ஒரு பிரதிக்கு ஒரு வாசகன் என்னும் கணக்கு அங்கே செல்லாது. இன்றைய மடலோ தனித்தனிப் பெட்டிக்குள் விழுகிறது; தனித்தனியாக வாசிக்கப்படுகிறது. தொழில்நுட்பம் முன்னேறிற்று, வாசிப்பு சுருங்கிற்று என்றே சொல்லத் தோன்றுகிறது.

பத்திரிகை என்பது கூட்டான அமைப்பாளன் என்று லெனின் 1901இல் எழுதிய கட்டுரையை நம்மவர் அடிக்கடி மேற்கோள் காட்டுவர். காட்டுவோரிற் பெரும்பாலார் அதனைக் கட்சிப் பத்திரிகைக்கு மட்டும் உரியதாக்கிக் குறுக்கிவிடுவதுதான் வழக்கம். உண்மையில், செய்தி அனுப்புவோர், பிரதி கொண்டு செல்வோர், பணம் சேர்ப்போர், வாசித்துக் காட்டுவோர் என்று பத்திரிகையைச் சுற்றி உண்டாகும் மனித உறவே அவர் கருத்தின் உயிர். இலக்கியப் பத்திரிகைக்கும் இது பொருந்தும். 1966 முதல் 2012 வரை 'மல்லிகை'யை நடத்திய டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத் தெருக்களில் தாமே இதழ் சுமந்து விற்றவர். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தோளில் தூக்கிக் கல்லூரி கல்லூரியாகச் சென்றவர். இருவருடைய இலக்கியக் கொள்கைகளுக்கும் எட்டாத தூரம். இருவரும் வாசகனைத் தேடி நடந்தார்கள் என்பதில் வேற்றுமை இல்லை.

1960களின் மலையகத்தில் நிகழ்ந்ததை மாணவர்கள் சற்று ஊன்றிக் கவனித்தல் நன்று. ஏனெனில் அது 'கண்டுபிடிப்பு' என்னும் மாயையைக் கலைக்கிறது. கண்டியிலிருந்து க.ப. சிவம், மு.கு. ஈழக்குமார் ஆகியோர் 'மலைமுரசு' வெளியிட்டனர். 'செய்தி' வார இதழும் கண்டியிலிருந்து வந்தது. கொழும்பில் 'வீரகேசரி'யின் உள்ளே எஸ்.எம். கார்மேகம் மலைநாட்டுக்கெனத் 'தோட்ட மஞ்சரி'யை நடத்தி, சிறுகதைப் போட்டிகளையும் முன்னின்று நடத்துவித்தார். முதலாளியின் பத்திரிகைக்குள் இருந்துகொண்டே ஒருவர் தம் மக்களுக்கு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்ட சாமர்த்தியம் இது. தூய சுதந்திரத்தை மட்டுமே போற்றுவோர் இதனை ஏற்கத் தயங்கலாம். ஆனால் அப்போட்டிகளில் பரிசு பெற்ற கதைகளே 1971இல் 'கதைக் கனிகள்' என்னும் தொகுதியாயின. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் தோட்டத்து உத்தியோகத்தர்களும் எழுத்தாளர் என்று அறியப்பட்டது அவ்வழியாலேயே. பேராதனையில் அதே காலத்தில் மாணவரின் சிறுகதைகளைத் தாங்கிக் 'கதைப் பூங்கா' 1962இல் வந்தது. செங்கை ஆழியான், செம்பியன் செல்வன், செ. யோகநாதன் முதலியோர் அப்பருவத்துப் பேராதனை மாணவரே. மலையின் கீழே ஒரு தொகுதி, மேலே ஒரு தொகுதி. இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு வாசித்தன என்பது இன்னும் எழுதப்படாத ஓர் ஆய்வு. சர்வகலாசாலை மாணவர் எவரேனும் அதனை மேற்கொள்வாராயின் நன்றியுடையோம்.

தெளிவத்தை ஜோசப் அத்தோட்ட மஞ்சரிப் போட்டிகளால் வெளிப்பட்டவர். 1979இல் 'நாமிருக்கும் நாடே' தொகுதி வந்தது. மலையகச் சிறுகதையின் வரலாற்றையே தனி நூலாக எழுதினார். 2013இல் தமிழகத்து விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது எழுபத்தொன்பது. அப்பொழுதுதான் தமிழகத்து வாசகர் பலர் அவரைக் 'கண்டுபிடித்தனர்'. விருது வழங்கியோரின் இலக்கிய நோக்கோடு நமக்கு உடன்பாடில்லை; ஆனால் அவர்கள் செய்ததை நம்மவர் செய்யவில்லை என்பதை ஒத்துக்கொள்ளாதிருப்பது நேர்மையன்று. அரை நூற்றாண்டு எழுதிய ஒருவர் ஒரு கடல் தாண்டி அறியப்பட அரை நூற்றாண்டு பிடித்தது. இடையிலே பாக்கு நீரிணை மட்டுமா இருந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டமும், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இருந்தன. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்த அவ்வொப்பந்தம் வாசகரையும் எழுத்தாளரையும் சேர்த்தே பிரித்தது. சந்தாதாரர் கப்பலேறிய பின் எச்சிற்றிதழ் நிலைக்கும்? மலைநாட்டு ஏடுகள் அற்பாயுளில் மடிந்ததற்கு ஆசிரியரின் சோர்வை மட்டும் காரணமாகக் கூறும் விமர்சனம் கண் மூடிய விமர்சனம்.

பின்னர் 1980களின் தொடக்கத்தில் 'தீர்த்தக்கரை' வந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய இதழ்களே வந்தன, எனினும் அதன் கதைகள் இன்றும் பேசப்படுகின்றன. அந்தனி ஜீவா 'கொழுந்து' நடத்தினார். 2000 ஜூனில் தோட்ட வைத்தியராகவும் நாவலாசிரியராகவும் விளங்கிய தி. ஞானசேகரன் கண்டியிலிருந்து 'ஞானம்' மாத இதழைத் தொடங்கினார். 1997இல் துரை விஸ்வநாதன் என்னும் வணிகர் 'மலையகச் சிறுகதைகள்' தொகுதியைத் தம் பணத்தில் வெளியிட்டார். இலக்கியத்துக்குச் செலவிடும் வணிகர் நம்மிடையே அருமை என்பதால் இதனைக் குறித்து வைக்கிறோம்.

இப்பரம்பரையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிய மடல்களின் குணமும் குறையும் விளங்கும். இங்கே நாம் தனியொருவரைக் குறித்துப் பேசவில்லை. ஒரு போக்கைக் குறித்தே பேசுகிறோம். முதற்குறை, அவற்றில் 'நான்' என்னும் சொல் மிகுதி. எழுதுபவனின் காலைத் தேநீர், அவன் வாசித்த நூல், அவனது மனச்சோர்வு ஆகியவையே வாரந்தோறும் பொருளாகின்றன. தேநீர் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் பொருளாவதில்லை. இதனைத் தனிமனித ஒழுக்கக் குறை எனக் கொள்ளல் தகாது. வாசகன் ஆளைப் பார்த்துச் சந்தா கட்டுகிறான். எனவே எழுதுபவன் தன் ஆளுமையையே சரக்காக்க நேர்கிறது. சந்தையின் நியதி நடையையும் நிர்ணயிக்கிறது. இரண்டாவது குறை இதனினும் பெரிது: ஆசிரியன் இல்லை. தோட்ட மஞ்சரிக்கு வந்த கதையொன்றை வாசித்து, வெட்டி, திருப்பி எழுதச் சொல்லி, முதற்கதையின் பலவீனத்தைத் தாண்டி இரண்டாம் கதைக்கு எழுத்தாளனைக் கொண்டுவந்து சேர்த்த அந்தப் பணியை எந்தச் சிபாரிசுப் பொறியும் செய்யாது. 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராயிருந்த கைலாசபதி தம் பக்கங்களைப் புதிய முற்போக்கு எழுத்தாளருக்குத் திறந்துவிட்டது வெறும் சிபாரிசு அன்று. இன்ன இலக்கியம் வேண்டும் என்ற தெளிவான நோக்கு அதன் பின்னே இருந்தது.

குணமும் உண்டு. லயத்திலிருந்து சர்வகலாசாலைக்கு வந்த தலைமுறை இன்று கையிலுள்ள தொலைபேசியிலேயே எழுதுகின்றது. துரையின் அனுமதியும் வேண்டாம், கொழும்புப் பத்திரிகையின் தயவும் வேண்டாம். பெண்கள், முன்னைய சிற்றிதழ்களின் ஆசிரிய பீடங்களில் காண்பதற்கு அரிதாயிருந்தவர்கள், தமக்கெனத் தாமே இதழ் நடத்தக்கூடிய நிலை ஏற்பட்டிருக்கிறது. பழைய சிற்றிதழ்களைப் புகழ்ந்து பேசும்போது, அவற்றின் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர் அநேகமாக ஆண்களே என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே புதிய மடல்களைத் தேடிப் படித்தல் நமது கடமையாகின்றது.

எவ்வாறு தேடுவது? கம்பெனி நீட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து தேட வேண்டும். பாடசாலை ஆசிரியர் ஒருவர் தாம் பெறும் நல்ல மடலொன்றைப் பிரதி எடுத்து ஆசிரியர் அறையிலும் பாடசாலை நூல்நிலையத்திலும் வைக்கலாம். எழுதியவரிடம் அனுமதி கேட்பது மட்டும் அவசியம். முன்னர் றோணியோ இயந்திரத்தில் செய்த வேலைதான் இது. மாணவர் சங்கங்கள் மாதம் ஒரு மடலை எடுத்து வாசித்து விவாதித்து, அவ்விவாதத்தின் சாரத்தை எழுதியவருக்கு அனுப்பலாம். நம் மாத இதழ்கள் நூல் மதிப்புரைக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை மடல்களுக்கு ஒதுக்கலாம். நூலாக வராதது விமர்சனத்துக்கு உரியதன்று என்னும் எழுதாச் சட்டம் நம்மிடையே இன்றும் நடைமுறையில் இருப்பது வெட்கத்துக்குரியது. 'தேசபக்தன்' பத்திரிகையில் வந்தவையும் எழுதப்பட்ட நாளில் நூலாக இருக்கவில்லை.

நடேசய்யரை இத்தலைமுறைக்கு மீட்டுத் தந்தவர் சாரல் நாடன். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடி வாசித்துக் குறிப்பெடுத்து, 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூலையும், பத்தாண்டு கழித்து 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்னும் நூலையும் எழுதினார். சர்வகலாசாலைகள் செய்யத் தவறியதை ஒரு தோட்டத்து உத்தியோகத்தர் செய்து முடித்தார். அவருக்குத் தேடுவதற்குத் தாள் இருந்தது. அச்சாகிறவற்றைக் கண்காணிப்பதற்காகக் குடியேற்ற ஆட்சி 1885இல் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அச்சான நூல்களின் பிரதிகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் செய்தது. ஆள்வோரின் சந்தேகத்தால் பிறந்த சட்டம் ஆளப்பட்டோரின் எழுத்துகள் பலவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தது! மின்னஞ்சலில் வரும் மடலுக்கு அத்தகைய கண்காணிப்பும் இல்லை, காப்பும் இல்லை. கம்பெனி கதவடைத்தாலோ, எழுதியவர் கடவுச்சொல்லை மறந்தாலோ, அவ்வளவுதான். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஏடுகளை எண்ணிமப்படுத்திச் சேர்த்துவருகின்றது. 'மலைமுரசு'க் காலத்துச் சஞ்சிகைகளின் பிரதிகள் யார் வீட்டுத் தகரப் பெட்டியிலேனும் கிடக்குமாயின், செல்லரிக்கும் முன் அங்கே சேர்ப்பிக்கலாம். மடல் எழுதுவோர் ஆண்டு முடிவில் தம் மடல்களை ஒன்றுசேர்த்து, தாளில் இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றைப் பேராதனை நூல்நிலையத்துக்கும் மற்றொன்றைத் தாம் படித்த தோட்டப் பாடசாலைக்கும் அனுப்பிவைப்பாராக. தபாற் செலவு பெரிதாகாது.